ஒளிச்சேர்க்கை – சுவாசித்தல் செயல்முறைப் பெட்டி: பள்ளிக்கு வாங்கலாமா?

பள்ளி ஆய்வகங்களுக்கென்று விற்கும் ஒளிச்சேர்க்கை – சுவாசித்தல் செயல்முறைப் பெட்டி ஒன்றை இந்தக் கல்வியாண்டுத் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கு வாங்கினோம். பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புத் தாவரவியலுக்கும் அதை வைத்தே பாடம் நடத்தியாயிற்று. வேறு பள்ளிகளில் இருக்கும் நண்பர்கள் இதே பெட்டியைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருப்பதால் விவரமாக எழுதுகிறேன். தயாரித்த கம்பெனி பெயரையும் கடைப் பெயரையும் போடவில்லை, எனக்குச் சண்டை நோக்கம் இல்லை, பெட்டிக்குள் இருப்பதைப் பற்றித்தான் பேச்சு.

விலை 4,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் ஒரு சின்ன பாட்டிலுக்காகவும், ஒரு சிரிஞ்சுக்காகவும், உலோகத்தில் செய்த ஒரு ஒளித்திரைக்காகவும் இதை வாங்கலாம். மற்றவற்றில் பாதி ஏற்கெனவே உங்கள் லேப் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். இரண்டு மாதிரிகளின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும், விளக்கக் கையேட்டில் ஒரு பக்கத்தையும் வகுப்புக்குள் கொண்டுபோவதற்கு முன் கட்டாயம் கிழித்துவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இந்தப் பாடத்தை நடத்தும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பிரச்சினை இருக்கிறது. எந்த வகுப்பில் போய்க் கேட்டாலும் பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள்: "மரம் பகல்ல ஆக்சிஜன் விடும் டீச்சர், ராத்திரி கார்பன் டை ஆக்சைடு விடும்." அதாவது பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம், ஷிஃப்ட் போட்ட மாதிரி. கூடவே புளியமரத்தடியில் ராத்திரி படுக்கக் கூடாது என்ற கதையும் வந்துவிடும், பேய்க்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு. (திறந்த வெளியில் மரத்தடியில் ஆளைப் பாதிக்கிற அளவுக்கு அந்த வாயு சேராது, காற்று கொண்டுபோய்விடும். இதை வகுப்பில் நேரம் ஒதுக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.) செடி இருபத்து நான்கு மணி நேரமும் சுவாசிக்கிறது, பகல் பன்னிரண்டு மணி வெயிலிலும் சுவாசிக்கிறது, வேரும் பூவும் விதையும் சுவாசிக்கின்றன, இலையின் ஒரே செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை நடத்தும் பசுங்கணிகமும் சுவாசம் நடத்தும் மைட்டோகாண்ட்ரியாவும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. பிள்ளைகள் மனதில் பதிய வேண்டியது இதுதான். பரீட்சைக்குச் சமன்பாட்டை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள், அது பெரிய காரியம் இல்லை.

ஆகவே ஒரு செயல்முறைப் பெட்டியை நான் எடைபோடுவது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்: அந்த ஷிஃப்ட் எண்ணத்தை உடைக்க உதவுகிறதா, இல்லை இன்னும் இறுக்குகிறதா. இந்தப் பெட்டி இரண்டையும் செய்கிறது.

திறந்தவுடன் இரண்டு தட்டுகள். மேல் தட்டு பச்சை, ஒளிச்சேர்க்கை. கீழ்த் தட்டு நீலம், சுவாசித்தல். கையேடும் இரண்டு. நீலக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே ஒரு படம்: நிலா, நட்சத்திரம், அடியில் ஒரு மரம், அதிலிருந்து கிளம்பும் அம்புக்குறியில் கார்பன் டை ஆக்சைடு. கிழிக்கச் சொன்னது இந்தப் பக்கத்தைத்தான். அதைவிட மோசம் பிளாஸ்டிக் மாதிரிகள். பசுங்கணிகம் ஒன்று, மைட்டோகாண்ட்ரியா ஒன்று, செய்நேர்த்தி நன்றாகவே இருக்கிறது, பசுங்கணிகத்துக்குள் இருக்கும் கிரானா என்ற தட்டு அடுக்குகளைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டலாம், மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு மடிப்புகள் விரல் பட்டால் தெரியும்படி வார்த்திருக்கிறார்கள். ஆனால் பசுங்கணிகத்தின் அடியில் "தாவரச் செல்" என்றும் மைட்டோகாண்ட்ரியாவின் அடியில் "விலங்குச் செல்" என்றும் லேபிள். 4,000 ரூபாய் வாங்குகிற கம்பெனி ஒரு தாவரவியல் ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கக் கூடாதா? பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருமுறை அந்த லேபிளைப் படித்துவிட்டால் செடிக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது என்று எழுதும், அதை அழிக்க நமக்கு ஒரு வருஷம் ஆகும்.

லேபிளை வெந்நீரில் ஊறவைத்தால் வந்துவிடுகிறது. எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, சுற்றிச் செல்சுவர் வரைந்து, ஒரு இலைச் செல்லாக ஆக்கிக்கொள்ளுங்கள். அப்படி வைத்துவிட்டால் மாதிரிகள் நன்றாகவே பயன்படுகின்றன, முக்கியமாகப் பதினொன்றாம் வகுப்புக்கு. இரண்டுக்கும் இரட்டைச் சவ்வு, இரண்டுக்கும் சொந்தமாக டிஎன்ஏ, இரண்டிலும் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி, இரண்டிலும் சவ்வின் ஒரு பக்கம் புரோட்டான்களைக் குவித்து, அவை திரும்பி வரும் வழியில் ஏடிபி (செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் கொடுக்கும் மூலக்கூறு) தயாரிக்கும் அதே வகை நொதி. உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961-ல் இந்தப் புரோட்டான் விஷயத்தைச் சொன்னபோது ஏற்றுக்கொண்டவர்கள் குறைவு, 1978-ல் நோபல் பரிசு அவருக்கு வந்தது. சுவாசத்தில் வரும் கிரெப்ஸ் சுழற்சியையும் ஒளிச்சேர்க்கையில் வரும் கால்வின் சுழற்சியையும் தனித்தனிப் பாடமாக உருட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு மாதிரிகளையும் கையில் கொடுத்து "எதெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, கண்டுபிடி" என்று விட்டால் அரைமணி நேரம் சத்தமே இருக்காது. கூட வரும் சுவர்ப்படத்தில் ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்று போட்டிருக்கிறார்கள், அது பழைய கணக்கு, இப்போது 30 அல்லது 32 என்றுதான் கொள்கிறார்கள். அதே படத்தில் ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டில் ஆக்சிஜனுக்கான அம்புக்குறி கார்பன் டை ஆக்சைடிலிருந்து கிளம்புகிறது. இதுவும் தவறு. வெளியே வரும் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வருவது, ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகள் 1941-ல் கனமான ஆக்சிஜன்-18 கலந்த நீரை வைத்துக் காட்டிய விஷயம். எண்பது வருஷத்துக்கு முன்னாலேயே தீர்ந்துபோன ஒன்றைத் தவறாக அச்சடித்து விற்பதை என்ன சொல்ல. மார்க்கரால் அடித்துத் திருத்திவிட்டுத்தான் சுவரில் மாட்டினேன்.

சரி, நல்ல விஷயத்துக்கு வருகிறேன்.

நீலத் தட்டின் மூலையில் ஒரு சின்ன பாட்டில் இருக்கும், பைகார்பனேட் நிறங்காட்டி என்று எழுதியிருப்பார்கள். கையேட்டில் அதற்கு ஒதுக்கியது நாலே வரி: ஸ்ட்ராவால் ஊதுங்கள், மஞ்சளாகும், நாம் வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு அந்தப் பாட்டில் தேவையே இல்லை, சுண்ணாம்புத் தண்ணீர் போதும். இந்த நிறங்காட்டியின் அருமை வேறு. சாதாரணக் காற்றில் இருக்கிற அளவு கார்பன் டை ஆக்சைடு இருந்தால் சிவப்பு. அது கூடினால் ஆரஞ்சு வழியாக மஞ்சள். குறைந்தால் ஊதா. அதாவது இரண்டு பக்கமும் காட்டும். சுண்ணாம்புத் தண்ணீரால் கூடுவதை மட்டும்தான் காட்ட முடியும்.

மூடியுள்ள கண்ணாடிக் குழாய்களில் நிறங்காட்டியை ஊற்றி, மூன்றில் ஒரே அளவு ஹைட்ரில்லா துண்டு போடுங்கள். ஊர்க்குளத்தில் கிடைக்காவிட்டால் மீன் தொட்டிக் கடையில் கொத்தாகத் தருவார்கள். ஒரு குழாயை அப்படியே வெளிச்சத்தில் வையுங்கள், ஒன்றை அலுமினியத் தாளால் முழுக்கச் சுற்றுங்கள், ஒன்றைச் சுற்றிக் கொசுவலைத் துணியை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டுங்கள். ஒப்பிடுவதற்குச் செடி இல்லாத குழாய் ஒன்று. காலை முதல் பாடவேளையில் அடுக்கி ஜன்னலோரம் வைத்துவிட்டால் மதியத்துக்குள் படம் தெளிவாகிவிடும். வெளிச்சத்தில் இருந்தது ஊதா, தாள் சுற்றியது மஞ்சள், செடி இல்லாதது சிவப்பு. இது வரைக்கும் பிள்ளைகள் எதிர்பார்த்ததுதான்.

கொசுவலை கட்டிய குழாயும் சிவப்பாகவே இருக்கும். எங்கள் வகுப்பில் அதைப் பார்த்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், அந்த டியூப்ல செடி செத்துப் போச்சா?" என்று கேட்டான். இதைவிட நல்ல கேள்வி இந்தப் பாடத்தில் கிடையாது. செத்திருந்தால் கொசுவலையைக் கழற்றி வெயிலில் வைத்தால் நிறம் மாறக் கூடாது அல்லவா, வைத்துப் பார்ப்போம் என்று வைத்தோம், ஊதாவுக்குப் போனது. அப்படியானால் காலையிலிருந்து அது சும்மா இருந்ததா? பக்கத்தில் இருந்த பெண் பிள்ளை ஒருத்தி சொன்னாள், சம்பளம் வந்த அளவுக்கே செலவும் ஆகிவிட்டால் பாஸ்புக்கில் மீதி மாறாது என்று. அவ்வளவுதான், அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஈடுசெய் புள்ளி என்று கரும்பலகையில் எழுதினேன், விடியற்காலையிலும் அந்தி சாயும் நேரத்திலும் வெளிச்சம் அந்த அளவில் நிற்கும் ஒரு பொழுதில் ஒவ்வொரு இலையும் அந்த நிலையைக் கடந்து போகிறது என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன். நாம் வெளியிலிருந்து அளப்பது எப்போதும் மீதியைத்தான், வரவையும் செலவையும் தனித்தனியாக அல்ல. பகலில் செடி ஆக்சிஜன் விடுகிறது என்றால் சுவாசம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, வரவு அதிகம் என்று அர்த்தம். பத்தாம் வகுப்பிலேயே இது புரிகிறது, கண்ணால் பார்த்தால் புரிகிறது.

இன்னும் ஒரு குழாய் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை, கையேட்டில் கிடையாது. முளைகட்டிய பச்சைப்பயறை ஒரு சின்ன வலைத்துணியில் முடிந்து நிறங்காட்டிக்கு மேலே தொங்கவிட்டு, அதையும் நல்ல வெளிச்சத்திலேயே வையுங்கள். வெயிலில் இருக்கும்போதே மஞ்சளாகும். செம்பருத்தி இதழ் போட்டாலும் அப்படித்தான். செடியின் பச்சை இல்லாத பாகம் பட்டப்பகலில் கார்பன் டை ஆக்சைடு விடுவதைப் பார்த்த பிறகு "ராத்திரிதான் சுவாசிக்கும்" என்று எந்தப் பிள்ளையும் வாதாட வரவில்லை.

ஆனால் இந்த நிறங்காட்டி ரொம்பத் தொட்டாற்சிணுங்கி. நாற்பத்தைந்து பேர் அடைந்திருக்கிற வகுப்பறைக் காற்றிலேயே கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக இருக்கும், அங்கே பாட்டிலைத் திறந்து வைத்தால் சோதனை தொடங்கும் முன்னாலேயே ஆரஞ்சாகிவிடும். வெளியே வராந்தாவில் வைத்து, மீன் தொட்டிக்குப் போடும் காற்று பம்ப்பால் கொஞ்ச நேரம் குமிழிவிட்டு, நல்ல சிவப்பு வந்த பிறகு குழாய்களில் ஊற்ற வேண்டும். குழாய்களை அதே நிறங்காட்டியால் ஒருமுறை அலசிவிட வேண்டும், சோப்புத் தண்ணீர் மிச்சம் இருந்தாலே நிறம் கெட்டுவிடும். குனிந்து பார்க்கும் பிள்ளைகள் மூச்சைத் திறந்த குழாய்மேல் விடக் கூடாது. இதில் ஒன்றுகூடக் கையேட்டில் இல்லை, இதெல்லாம் தெரியாமல் செய்து பார்த்துவிட்டு பாட்டில் சரியில்லை என்று ஓரமாக வைத்துவிட்ட பள்ளிகள் நிச்சயம் இருக்கும். பாட்டிலில் இருப்பது செறிவான கரைசல், பத்து மடங்காக நீர்க்கச் செய்துதான் பயன்படுத்த வேண்டும் என்பதையும் லேபிளில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தீர்ந்துபோனால் வேதியியல் ஆசிரியரிடம் சொல்லி நாமே தயாரிக்கலாம்: தைமால் புளூ 0.2 கிராம், கிரெசால் ரெட் 0.1 கிராம் இரண்டையும் 20 மில்லி எத்தனாலில் கரைத்து, சோடியம் பைகார்பனேட் 0.84 கிராம் கரைத்த காய்ச்சி வடித்த நீரோடு சேர்த்து ஒரு லிட்டராக்கிவிட்டால் அதுதான் செறிவான கரைசல். பல வருஷத்துக்கு வரும்.

அடுத்து சிரிஞ்ச். பச்சைத் தட்டில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்றும், இலையில் சின்ன வட்டம் வெட்டும் உலோகக் குழல் ஒன்றும் இருக்கின்றன. பாலக் கீரை இலையில் நடு நரம்பைத் தவிர்த்துப் பத்து வட்டங்கள் வெட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டும் கலந்து, அந்தக் கரைசலோடு வட்டங்களைச் சிரிஞ்சில் எடுத்து, முனையை விரலால் அடைத்துக்கொண்டு உலக்கையைப் பின்னால் இழுக்க வேண்டும். இலைக்குள் இருக்கும் காற்று வெளியேறி, விட்டவுடன் கரைசல் உள்ளே புகுந்து, வட்டங்கள் அடியில் அமிழ்ந்துவிடும். இரண்டு மூன்று தடவை இழுக்க வேண்டியிருக்கும். அப்புறம் எல்லாவற்றையும் கண்ணாடி டம்ளரில் கொட்டி வெளிச்சத்தில் வைத்தால், ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜன் இலைக்குள்ளேயே சேர்ந்து, வட்டங்கள் ஒவ்வொன்றாக எழும்பி மேலே வந்து மிதக்கும். முதல் வட்டம் அடியிலிருந்து ஓரமாகத் தலையைத் தூக்கி, செங்குத்தாக நின்று, பிறகு சட்டென்று மேலே போகும்போது வகுப்பு முழுக்க டம்ளரைச் சுற்றி நிற்கும். ஐந்து வட்டம் மிதக்க எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டால் அதுவே ஒளிச்சேர்க்கை வேகத்துக்கு ஒரு அளவு. விளக்கைத் தள்ளி வைத்து, சோடா போடாமல், நிறத்தாள் சுற்றி என்று பிள்ளைகள் தாங்களே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கலாம்.

கையேடு இத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அதுதான் எனக்கு வருத்தம், ஏனென்றால் இந்தச் சோதனையின் இரண்டாம் பாதிதான் முக்கியம். எல்லா வட்டங்களும் மிதந்த பிறகு டம்ளரை ஒரு அட்டைப் பெட்டியால் மூடி இருட்டாக்கிவிடுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் சில வட்டங்கள் திரும்ப அமிழ்ந்திருக்கும், இன்னும் விட்டால் மற்றவையும் போகும். இலைக்குள் சேர்ந்திருந்த ஆக்சிஜனை அந்த இலையே சுவாசித்துத் தீர்த்துவிட்டது. ஒரே இலை, ஒரே டம்ளர், இரண்டு செயலும். இருட்டில் அமிழ்வதற்கு மிதப்பதைவிட நேரம் கூட ஆகும், அதனால் இரண்டு பாடவேளை சேர்ந்து வருகிற நாளில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தட்டில் இருக்கும் பொருளை வைத்து நீலத் தட்டுப் பாடத்தையும் நடத்தலாம் என்பது தயாரித்தவர்களுக்கே தோன்றவில்லை போலிருக்கிறது.

செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்றிரண்டு உண்டு. பேக்கிங் பவுடர் வேறு, ஆப்பச் சோடா வேறு, கடையில் கேட்டு வாங்குங்கள். முடி உள்ள இலை, தடித்த இலை சரிப்படாது. மழைக்காலத்தில், அதுவும் நவம்பர் மாதம் வானம் மூடிக்கிடக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள், பெட்டியோடு வரும் எல்இடி விளக்கு அப்போது நன்றாக உதவுகிறது. அதில் சூடு குறைவு என்பது இன்னொரு நன்மை. குண்டு பல்பைக் கிட்டே வைத்தால் தண்ணீர் சூடாகிவிடும், பிறகு வேகம் கூடியது ஒளியாலா வெப்பத்தாலா என்று சொல்ல முடியாது.

தொடக்கத்தில் உலோக ஒளித்திரை ஒன்றைப் பற்றிச் சொன்னேன், அதற்குக் கானாங் ஒளித்திரை என்று பெயர். இலையின் ஒரு பகுதியில் ஒளி படாமல் மறைத்து, அங்கே ஸ்டார்ச் உண்டாகிறதா என்று பார்ப்பதற்கு. கறுப்புத் தாளை இலையில் கிளிப் போட்டு மாட்டுவதுதானே, இதற்கு எதற்கு உலோகக் கருவி என்று முதலில் தோன்றும். தாளை இறுக்கி மாட்டினால் ஒளி மட்டுமா தடைபடுகிறது, காற்றும்தானே தடைபடுகிறது? அப்படியானால் அந்தப் பகுதியில் ஸ்டார்ச் இல்லாமல் போனதற்குக் காரணம் ஒளி இல்லாததா, கார்பன் டை ஆக்சைடு கிடைக்காததா? கூர்மையான பிள்ளை ஒன்று இதைக் கேட்டே தீரும். கானாங் திரையின் பெட்டி போன்ற அமைப்பு காற்றை உள்ளே விட்டு ஒளியை மட்டும் தடுக்கிறது, அதனால் சோதனை நியாயமாக இருக்கிறது. இந்தப் பெட்டியில் வரும் திரை உறுதியானது, ஸ்பிரிங் நன்றாகப் பிடிக்கிறது. எடை கொஞ்சம் அதிகம், இலைக் காம்பு வளைந்துவிடும், அடியில் ஒரு குச்சி நட்டு முட்டுக்கொடுக்க வேண்டும்.

இப்போது ஆபத்தான விஷயம். ஸ்டார்ச் சோதனைக்கு இலையிலிருந்து பச்சையத்தை எடுக்க ஆல்கஹாலில் போட்டுச் சூடாக்க வேண்டும். கையேட்டுப் படத்தில் ஆல்கஹால் உள்ள பீக்கரை நேராக ஸ்பிரிட் விளக்கின் மேல் வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள், பிள்ளைகளைச் செய்ய விடாதீர்கள். எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிக்கும், அதன் ஆவி தீப்பற்றும். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, விளக்கை அணைத்து அப்பால் எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் ஆல்கஹால் குழாயை நிறுத்துங்கள். பச்சையம் இறங்க அதுவே போதும். வெந்நீரை வேறு அறையில் வைத்து பிளாஸ்க்கில் பிடித்துக்கொண்டு வந்தால் வகுப்பறையில் தீயே வேண்டாம். கம்பெனிக்கு நான் எழுதிப்போட்ட முதல் புகார் இந்தப் படத்தைப் பற்றித்தான், அடுத்த அச்சில் மாற்றுவதாகப் பதில் வந்தது. ஏற்கெனவே விற்ற பெட்டிகளில் அந்தப் படம் இருக்கிறதே, அதனால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முளைவிதைச் சுவாசத்துக்கான கூம்புக் குடுவை, வளைந்த கண்ணாடிக் குழாய், ரப்பர் கார்க் எல்லாம் சராசரி. கார்க் ஓட்டை வழியே காற்று கசிகிறது, வாசலைன் தடவினால் சரியாகிவிடும், குழாயில் தண்ணீர் ஏறுவது அதன் பிறகுதான் தெரிந்தது. விதைகள் விடும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதற்கான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் ஈரம் இழுத்து ஒரே கட்டியாக வந்து சேர்ந்தன. அது தோலை அரிக்கும், கையுறையோடு ஆசிரியர் மட்டும் எடுக்க வேண்டும், இதையும் கையேட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் பாட்டில் திறக்கும் முன்பே அடியில் வெள்ளையாகப் படிந்து வீணாகியிருந்தது. வெற்றிலைக் கடையில் வெள்ளைச் சுண்ணாம்பு வாங்கித் தண்ணீரில் கலக்கி, ஒரு ராத்திரி தெளியவிட்டு மேலாக இறுத்தால் அருமையான சுண்ணாம்புத் தண்ணீர், செலவு சில ரூபாய். நீர்த்தாவரம் விடும் ஆக்சிஜன் குமிழிகளை எண்ணுவதற்கான வில்மாட் குமிழிக் கருவி பிளாஸ்டிக், பரவாயில்லை. குமிழிகளின் அளவு ஒன்றுக்கொன்று மாறுவதால் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனால் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தும் எண்ணிக்கை கூடாமல் நிற்கும் இடத்தில் ஒரு சிட்டிகை சோடாவைப் போட்டதும் சரசரவென்று குமிழி வரும் பாருங்கள், பிளாக்மேன் 1905-ல் சொன்ன கட்டுப்படுத்தும் காரணி விதியைக் கற்பிக்க அந்த ஒரு நிமிஷம் போதும்.

காற்றில்லாச் சுவாசத்துக்குக் கொடுத்த ஈஸ்ட் பொட்டலம் காலாவதியாகி இருந்தது. அதற்குப் பதிலாக இட்லி மாவை ஒரு பாட்டிலில் பாதியளவு ஊற்றி வாயில் பலூன் மாட்டி வைத்தோம். மாவு பொங்குவதற்கு முக்கியக் காரணம் லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியா விடும் கார்பன் டை ஆக்சைடு என்று சொன்னபோது, வீட்டில் தினமும் பார்க்கிற விஷயம் பாடத்துக்குள் வந்ததில் பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கையேட்டில் மனதாரப் பாராட்ட வேண்டிய பக்கம் ஒன்று இருக்கிறது, வரலாற்றுப் பக்கம். வான் ஹெல்மாண்ட் தொட்டியில் நட்ட வில்லோ மரம் ஐந்து வருஷத்தில் சுமார் 74 கிலோ கூடியது, மண்ணில் குறைந்தது 57 கிராம்தான். இந்தக் கணக்கை மட்டும் பலகையில் எழுதி, மரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறக்காமல் ஒரு பாடவேளை முழுக்கப் பேசவிடுங்கள், பாதிப் பேர் "உரத்திலிருந்து" என்பார்கள், யாரும் காற்று என்று சொல்ல மாட்டார்கள். அதே பக்கத்தில் 1771-ல் கெட்டுப்போன காற்றை மறுபடி நல்லதாக்கிய பிரீஸ்ட்லியின் புதினாச் செடியும், 1779-ல் இன்ஜென்ஹவுஸ் கண்டதும் இருக்கின்றன. இன்ஜென்ஹவுஸைப் பற்றிய பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். செடியின் பச்சைப் பாகம் வெளிச்சத்தில் காற்றைச் சுத்தப்படுத்துகிறது, இருட்டில் கெடுக்கிறது, பச்சையில்லாத பாகங்கள் எந்நேரமும் கெடுக்கின்றன என்று ஒரே ஆள் ஒரே ஆராய்ச்சியில் இரண்டையும் சேர்த்துத்தான் பார்த்திருக்கிறார். அதை இரண்டு நிறத் தட்டாகப் பிரித்தது பின்னால் வந்தவர்கள்.

யார் வாங்கலாம்? லேப் இல்லாத, அல்லது லேப் பெயரளவில் இருக்கிற உயர்நிலைப் பள்ளிகள் தாராளமாக வாங்கலாம், கண்ணாடிச் சாமான் முதல் விளக்கு வரை ஒரே இடத்தில் வந்துவிடுகிறது, கண்ணாடிக் குழாய்களின் தரமும் நன்று, பெட்டி உறுதியானது. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் லேபும் மீன் தொட்டிக் கடையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் முழுப் பெட்டி வேண்டாம். நிறங்காட்டி, மூடிபோட்ட குழாய்கள், ஒளித்திரை இவற்றை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கடையில் விசாரித்தேன், தருகிறார்கள், பட்டியலில் போடுவதில்லை, கேட்டால்தான் எடுத்து வருகிறார்கள். கேட்கும்போது நிறங்காட்டியின் தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.